சாங்ஜியாஜியே கல்தூண் மலைகள்: அடிவாரத்து ஓடையில் தொடங்குங்கள்

சீனாவின் ஹுனான் மாநிலத்தில் இருக்கும் சாங்ஜியாஜியேவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லிச் சுற்றுலா முகவர்கள் விற்பது மூன்று வெவ்வேறு இடங்களை. கல்தூண்கள் நிற்கும் வனப்பூங்கா ஒன்று. மலையின் நடுவே வாசல் போல் ஓட்டை விழுந்த தியென்மென் மலை இன்னொன்று. நகரத்துக்குள்ளிருந்தே கிளம்பும் 7 கிலோமீட்டர் நீளக் கேபிள் காரில் அங்கே ஏற வேண்டும். 2016-இல் திறந்த கண்ணாடிப் பாலம் மூன்றாவது. அது பெரும்பள்ளத்தாக்கில் வேறொரு திசையில் இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனிச் சீட்டு, தனித்தனிப் பயணம். ஒரே மூச்சில் மூன்றையும் காட்டுகிறோம் என்று சொல்லும் பயணத் திட்டங்களில் வனப்பூங்காவுக்குத்தான் நேரம் குறைகிறது. மற்ற இரண்டையும் விட்டுவிட்டு வந்தால்கூடப் பெரிய நஷ்டமில்லை. வனப்பூங்காவை அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு வந்தால் அத்தனை தூரம் போனதற்கு அர்த்தமே இல்லை. நான் இங்கே எழுதுவது அந்த வனப்பூங்காவைப் பற்றி மட்டும்.

நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றேன். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குன்றுகளையும் அவற்றின் குகைக்கோயில்களையும் தினமும் பார்த்துப் பழகிய எங்கள் ஊர்க்காரர்கள், சாங்ஜியாஜியே படத்தைக் காட்டினால் "நம்ம குன்று மாதிரிதானே, கொஞ்சம் உயரம் ஜாஸ்தி" என்பார்கள். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அது வேறு கல், உருவான விதமும் வேறு. சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரையும். ஈப்போவில் இத்தனை குகைகள் இருப்பது அதனால்தான். சாங்ஜியாஜியேவின் கல் குவார்ட்ஸ் மணற்கல். அது லேசில் கரையாது, பிளக்கும்.

ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், கடலோரம் படிந்த மணல் இறுகி 500 மீட்டருக்கும் மேல் தடிமனான பாறையாயிற்று. பிற்பாடு நிலம் மேலே எழும்பியபோது அந்த அடுக்குகள் அதிகம் சாயாமல், கிட்டத்தட்டப் படுத்தபடியே உயர்ந்தன. அதே நேரம் மேலிருந்து கீழாக நேர்நேராக விரிசல்கள் விழுந்தன. தட்டில் ஊற்றிய மைசூர்பாகைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, இங்கொன்றும் அங்கொன்றுமாக வில்லைகளை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது எப்படி நிற்கும்? அப்படித்தான். எடுக்கும் வேலையை மழையும் ஓடையும் செய்தன, குளிர்காலத்தில் விரிசலுக்குள் தண்ணீர் உறைந்து நெம்பியது, மரவேர்கள் நெம்பின. இன்னும் செய்துகொண்டிருக்கின்றன. இப்படி மிஞ்சிய தூண்களும் சிகரங்களும் 3,000-க்கு மேல். பல 200 மீட்டரைத் தாண்டும். இந்த வகை நிலவடிவத்துக்குப் புவியியலாளர்கள் சாங்ஜியாஜியேவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இந்த இடம் வெளியுலகத்துக்குத் தெரியவந்து ரொம்பக் காலம் ஆகவில்லை. அரசாங்கத்தின் மரப்பண்ணையாகத்தான் இருந்தது. 1979-இல் வூ குவான்சோங் என்ற ஓவியர் இங்கே வந்து வரைந்து, பிறகு பத்திரிகையில் எழுதியதும்தான் சீனாவிலேயே பலருக்குத் தெரிந்தது. 1982-இல் சீனாவின் முதல் தேசிய வனப்பூங்காவாக இதை அறிவித்தார்கள். 1992-இல், சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்து வூலிங்யுவான் என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

சரி, எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான குழுக்கள் காலையில் உள்ளே போனதும் நேரே பைலோங் மின்தூக்கியில் ஏறி, மேலே உள்ள காட்சி மேடைகளில் படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் இறங்கிவிடுகின்றன. நான் சொல்வது இதற்கு நேர்மாறு. முதலில் கீழே நடங்கள். தெற்கே உள்ள வனப்பூங்கா வாசல் வழியாக உள்ளே போய், பொற்சாட்டை ஓடையை ஒட்டிய பாதையில் கடைசிவரை போங்கள். சமதளமான, கல் பாவிய பாதை. ஆறேழு கிலோமீட்டர் வரும். நின்று நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம் ஆகும். மின்தூக்கிக்கோ கேபிள் காருக்கோ கொடுப்பதுபோல் தனிக் கட்டணம் எதுவும் இதற்கு இல்லை. முட்டிவலிக்காரரான என் அக்கா இந்தப் பாதை முழுவதையும் நடந்தே முடித்தார்.

கீழிருந்து பார்க்கும்போதுதான் ஒரு தூண் எவ்வளவு உயரம் என்பது உடம்புக்குப் புரிகிறது. மேலிருந்து பார்த்தால் நூறு தூண்கள் ஒரே சமயத்தில் தெரியும். ஆனால் அடிப்பாகம் பள்ளத்தாக்கில் மறைந்துவிடும், எதன் உயரமும் பிடிபடாது. ஓடைக் கரையில் நின்றால் ஒன்றிரண்டுதான் கண்ணில் படும், ஆனால் அடியிலிருந்து உச்சிவரை முழுசாக. பொற்சாட்டைப் பாறையின் எதிரில் ஒரு வளைவு வருகிறது. அங்கே அக்கா கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது எப்படிடி கீழே விழாம நிக்குது?" என்று கேட்டார். நான் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

பாதையோரப் பாறையைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கை வைத்தால் உப்புத்தாள் போல நறநறவென்று இருக்கும். படுக்கைவாட்டில் கோடு கோடாக அடுக்குகள். சில விரல் தடிமன், சில முழம். இரும்புச் சத்து இருக்கும் அடுக்கு துருப்பிடித்த சிவப்பு, இல்லாதது சாம்பல் வெளுப்பு. இரண்டு அடுக்குக்கு நடுவே ஈரம் கசிகிற கோட்டில் மட்டும் பச்சைப் பாசி நேராக ஒட்டியிருக்கும். ஓரிடத்தில் ஒரு பைன் கன்று அந்த ஈரக் கோட்டில் வேரை விட்டிருந்தது. வேர் என் சுண்டுவிரல் அளவுதான். அது நுழைந்த இடத்தில் கல் ஏற்கனவே ஒரு மயிரிழை விலகியிருந்தது. வகுப்பில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டிய வேர்ச் சிதைவை அன்றுதான் இவ்வளவு தெளிவாக நேரில் பார்த்தேன்.

மரங்களையும் விட்டுவிடாதீர்கள். வாசலை ஒட்டி நெட்டையாக நிற்பவை மெட்டாசெகோயா மரங்கள். புதைபடிவமாக மட்டுமே விஞ்ஞானம் அறிந்திருந்த இந்த இனம், பக்கத்து மாநிலமான ஹூபேயில் 1940-களில் உயிரோடு கண்டறியப்பட்டது. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் இவற்றைக் கவனிப்பவர் யாருமில்லை.

ஓடைப் பாதையில் குரங்குகள் உண்டு. பைக்குள் இருப்பதற்குக்கூட வரும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகவே கூடாது. எங்களுக்கு முன்னால் போன ஒரு குடும்பத்தின் ஆரஞ்சுப் பை நொடியில் மரத்துக்குப் போய்விட்டது. எதையும் கையில் நீட்டாதீர்கள், சிரித்துப் பல்லைக் காட்டாதீர்கள். முதுகுப்பையின் ஜிப்பை இழுத்து மூடி முன்பக்கமாக மாட்டிக்கொண்டு நடந்தால் பிரச்சினை இல்லை.

பாதை முடியும் இடத்தில் பூங்காவின் உள்பேருந்து கிடைக்கும். உள்பேருந்துகளுக்குத் தனிச் சீட்டு வேண்டாம், நுழைவுச்சீட்டிலேயே அடங்கும். அதில் ஏறினால் பைலோங் மின்தூக்கியின் அடிவாரத்தில் விடும். 326 மீட்டர் உயரம். கீழ்ப்பாதி மலைக்குள் குடைந்த சுரங்கம், மேல்பாதி பாறை முகத்தில் பொருத்திய எஃகுச் சட்டம். இரண்டு நிமிடத்துக்குள் மேலே போய்விடலாம். இருட்டாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று வெளிச்சம் வந்து தூண்கள் கண்முன்னே இறங்குகிற அந்த நொடி நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்த மலை முகத்தில் இப்படியொரு இரும்பை மாட்டியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. கீழே இருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறது. அத்தனை படி ஏற முடியாத அக்கா போன்றவர்களுக்கு இது இல்லாவிட்டால் மேலே போக வழி குறுகும் என்பதும் உண்மைதான். அதற்காக ஒரு வழிக்கு 60, 70 யுவான் கொடுத்தேன். கால் நன்றாக இருப்பவர்கள் ஓடைப் பாதையிலிருந்தே பிரியும் படிக்கட்டில் ஏறலாம். செங்குத்து. இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

மேலே இறங்கினால் யுவான்ஜியாஜியே. இங்கேதான் கூட்டம் அத்தனையும். 2009-இல் வந்த 'அவதார்' படத்தின் மிதக்கும் மலைகளுக்கு இந்த இடம் தூண்டுதல் என்று சொல்லி, 2010 ஜனவரியில் ஒரு தூணுக்கு 'அவதார் ஹல்லேலூயா மலை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே அந்தத் தூணுக்குச் சொந்தப் பெயர் உண்டு: தெற்கு வானத் தூண். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. தூணின் அடி மேல்பாகத்தைவிடச் சற்றுச் சிறுத்திருக்கிறது, உச்சியில் பைன் மரங்கள். 1,000 மீட்டருக்கு மேல் உயரம் என்று எழுதுவார்கள். அது கடல்மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு, தூணின் சொந்த உயரம் 150 மீட்டர் அளவுக்குத்தான் வரும். அந்த மேடையில் கைப்பிடி ஓரம் நிற்க ஓர் இடம் கிடைப்பதே பெரும்பாடு. கொஞ்சம் தள்ளி, வானத்தின் கீழ் முதல் பாலம் என்ற இயற்கைப் பாலம் இருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து 357 மீட்டர் உயரத்தில் இரண்டு பாறைகளை இணைத்துக்கொண்டு நிற்கிறது. நடுவிலிருந்த கல் உதிர்ந்து, மேலடுக்கு மட்டும் தப்பியதால் வந்த பாலம். புவியியல் கண்ணுக்குத் தூணைவிட இதுதான் பெரிய அதிசயம். அதன் மேலேயே நடந்து போகலாம். நடப்பவர்கள் பலருக்குக் காலுக்கடியில் இருப்பது அதுதான் என்று தெரிவதில்லை; முதலில் பக்கவாட்டு மேடையிலிருந்து பார்த்துவிட்டு அப்புறம் மேலே போங்கள்.

இனி மூடுபனி. இந்தப் பூங்காவைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி, "போனோம், ஒரே வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை" என்பதுதான். நாங்கள் யுவான்ஜியாஜியேவுக்கு முதலில் ஏறியபோதும் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் எதுவுமே இல்லை. மழை நிறைய பெய்யும் மலை இது, ஏப்ரல் முதல் ஜூன் வரை இன்னும் அதிகம். மூடுபனியை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அதற்கு இடம் கொடுத்துத் திட்டமிடலாம். நுழைவுச்சீட்டு 220 யுவானைத் தாண்டும், ஆனால் நான்கு நாட்களுக்குச் செல்லும். கடப்பிதழைக் காட்டிப் பதிவு செய்துவிட்டால் மறுநாள் மறுபடி உள்ளே போகலாம். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேலே மூடியிருக்கும் நாளில் கீழே ஓடை நன்றாகத் தெரியும், இலைகள் கழுவிவிட்டது போல் இருக்கும், கூட்டமும் இருக்காது. மழை ஓய்ந்த மறுநாள் காலை முதல் பேருந்திலேயே மேலே போய்விடுங்கள். பனி பள்ளத்தாக்குக்குள் இறங்கி, தூண்கள் இடுப்புக்கு மேல் வெளியே நிற்பது அந்த நேரத்தில்தான். எங்கள் விடுதியின் பயண மேசையில் இருந்தவர் மட்டும், எப்போது கேட்டாலும் இன்று மலை மூடியிருக்கிறது, கண்ணாடிப் பாலத்துக்குப் போங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தத்தில் அவித்த சோளம் விற்ற பெண்மணி வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையசைத்துப் போகச் சொன்னார். அன்று நண்பகல்வரை துல்லியமாக இருந்தது.

அந்தத் துல்லியமான காலையை நாங்கள் தியென்ஸி மலைக்குக் கொடுத்தோம். பூங்காவின் உயரமான பகுதி இது; உச்சி 1,262 மீட்டர். ஈட்டி முனைகளை நட்டது போன்ற அரசத் தூரிகைச் சிகரங்களைப் பார்க்கக் காலை ஒளிதான் சரி. வெயில் பக்கவாட்டிலிருந்து விழுவதால் ஒவ்வோர் அடுக்குக்கும் நிழல் கிடைக்கிறது. புரட்சிக்காலத் தளபதி ஹே லோங்கின் பெரிய சிலை இங்கே உண்டு. பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்ட்ஸும் உண்டு. மலையுச்சியில் அது எதற்கு என்று எனக்கு முகம் சுளித்தது. சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலாவது நிச்சயம் கிடைக்கும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

என் மனசுக்குப் பிடித்த பகுதி மேற்கே இருக்கும் யாங்ஜியாஜியே. பெரும்பாலான குழுக்கள் இங்கே வருவதில்லை. வந்தால் பாறைகளின் இடுக்குக்குள்ளேயே புகுந்து நடக்கலாம். வூலோங்ஜாய் போகும் வழியில் சில இடங்களில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் நகர முடிகிறது. அதாவது, 38 கோடி ஆண்டுக் கல்லில் விழுந்த விரிசல் ஒன்றுக்குள் நாம் நிற்கிறோம். இரண்டு பக்கச் சுவரிலும் அதே அடுக்குகள் அதே உயரத்தில் ஒன்றுக்கொன்று பொருந்துவதை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்க்கலாம், நான் பார்த்தேன். இந்தப் பூங்காவில் இதைவிட நல்ல பாடம் இல்லை. கடைசியில் வரும் தியென்போஃபு மேடைக்குச் செங்குத்தான இரும்பு ஏணிகள் உண்டு. உயர பயம் இருப்பவர்கள் அதை மட்டும் விட்டுவிடலாம். அக்கா கேபிள் கார் நிலையத்தில் தேநீரோடு உட்கார்ந்துகொண்டார்.

படிக்கட்டுப் பகுதிகளில் மூங்கில் நாற்காலியில் வைத்து இருவர் தூக்கிச் செல்லும் வசதி இருக்கிறது. அக்கா ஓரிடத்தில் ஏறினார், கொஞ்ச தூரத்தில் இறங்கிவிட்டார். "அந்த மனுஷனுக்கு என் வயசு இருக்கும்டி" என்றார். பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்தார். தூக்கியவர் கைபேசி மொழிபெயர்ப்பில், மெதுவாக ஏறுங்கள், நான் பக்கத்திலேயே வருகிறேன் என்று எழுதிக் காட்டி, மேலே வரைக்கும் நாற்காலியை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் எடுக்கலாம், அது அவர்களுடைய பிழைப்பு. எங்கிருந்து எங்கே, மொத்தத் தொகையா ஆளுக்கா என்பதை மட்டும் ஏறும் முன்பே எழுதிக் காட்டிப் பேசிவிடுங்கள்.

சாப்பாடு, இந்தப் பகுதியில் வாழும் தூஜியா இன மக்களின் மலைச் சமையல். காரம் நமக்குப் பழகியதுதான். புகையில் தொங்கவிட்ட பன்றி இறைச்சி எல்லாவற்றிலும் எட்டிப் பார்க்கும்; காய்கறிப் பிரட்டலில்கூட. சைவம் என்றால் ஒவ்வொரு முறையும் கைபேசியில் எழுதிக் காட்டுவது நல்லது. தக்காளி முட்டைப் பிரட்டலும் சோறும் எல்லாக் கடையிலும் கிடைத்தது, டோஃபு கிடைத்தது. பாதையோரம் சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு இரும்புத் தட்டில் பொரித்து மிளகாய்த்தூள் தூவித் தருகிறார்கள். அதை நான் எங்கே கண்டாலும் வாங்கினேன்.

போகும் வழி எளிது. சாங்ஷாவுக்கு விமானம், அங்கிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் சாங்ஜியாஜியே மேற்கு நிலையம், பிறகு பேருந்தில் ஒரு மணி நேரம் போல. மலேசியக் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை; இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியைக் கிளம்பும் முன்பே கைபேசியில் ஏற்றி வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள், சோளம் விற்பவர்வரை அதில்தான் வாங்குகிறார்கள். ஓடையிலிருந்து தொடங்குகிறவர்கள் முதல் இரவு வனப்பூங்கா வாசலுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டு, பிறகு கிழக்கே வூலிங்யுவான் ஊருக்கு மாறிக்கொள்வது வசதி. மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் சீனா முழுக்க விடுமுறை. மின்தூக்கிக்கே மணிக்கணக்கில் வரிசை நிற்கும், அந்த நாட்களை அடியோடு தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் கடைசியும் நவம்பரும் நல்ல காலம். மழைக்கு இரண்டு கையும் சும்மா இருக்கும்படி மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடுக்குகளில் குடை விரிக்க இடம் கிடையாது.